எலக்ட்ரோலைசர் ஏன் பாதியில் நிற்கிறது? ஒரு கட்டடத்தைச் சோதித்து அறிவதற்கான முழு வழிகாட்டி

ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் என்ற கணினி விளையாட்டை ஆடியவர்கள் எல்லாருக்கும் இந்தக் கட்டம் வந்திருக்கும். தொடக்கத்தில் கிடைத்த பாசி தீர்ந்துகொண்டே வருகிறது. பாசியை ஆக்சிஜனாக்கும் ஆக்சிஜன் டிஃப்யூசர்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. பக்கத்தில் ஒரு குளம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. சரி, தண்ணீரை ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் கட்டிவிடலாம் என்று முடிவெடுக்கிறோம்.

நானும் அப்படித்தான் கட்டினேன். குடியிருப்பின் நடுவே, ஏணிக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தேன். என்னிடம் இருந்த எட்டு டூப்ளிகன்ட்டுகளுக்கு (காலனியில் வாழும் ஆட்களுக்கு) ஒன்றே போதும் என்று கட்டடத்தின் தகவல் பலகை சொன்னது. சில சைக்கிள்கள் (விளையாட்டின் நாட்கள்) நன்றாக ஓடியது. அப்புறம் மேல்தளத்தில் தூங்கியவர்கள் மூச்சு முட்டி எழுந்து ஓடத் தொடங்கினார்கள். போய்ப் பார்த்தால் படுக்கையறைக் கூரையெல்லாம் ஹைட்ரஜன். கீழ்த்தளத்திலோ காற்றே போதவில்லை. நடுவில் இருந்த எலக்ட்ரோலைசர், சுற்றிலும் அழுத்தம் அதிகம் என்று சொல்லி வேலையை நிறுத்தியிருந்தது.

யாரோ வரைந்த அமைப்பு ஒன்றைப் பார்த்து அப்படியே கட்டினேன், ஓடியது. ஆனால் இடம் போதாமல் ஒரு சுவரை இரண்டு கட்டம் நகர்த்தியதும் மறுபடி நின்றது. ஏன் ஓடியது, ஏன் நின்றது என்று இரண்டுமே எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்தக் கட்டடத்துக்கென்று தனியாக ஒரு அறை கட்டிச் சோதிப்பது என்று உட்கார்ந்தேன். அந்தச் சோதனையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கனடாவின் கிளே என்டர்டெயின்மென்ட் 2019 ஜூலையில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு இது. அதில் எந்தக் கட்டடத்தைப் பிடித்தாலும் இதே வழியில் அதன் உள்ளே புகுந்து பார்க்கலாம்.

முதல் படி: தகவல் பலகையைக் கணக்காகப் படிப்பது

கட்டடத்தைச் சொடுக்கினால் வரும் எண்களை எல்லாரும் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். எலக்ட்ரோலைசரில் நம் கண்ணுக்குப் படுவது ஆக்சிஜன் மட்டும்தான். முழுப் பலகையையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விநாடிக்கு 1,000 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் வெளியே வருகின்றன. மின்சாரம் 120 வாட். வெளிவரும் வாயுவின் வெப்பம் குறைந்தது 70 டிகிரி.

888-ஐயும் 112-ஐயும் கூட்டினால் சரியாக 1,000. எதுவும் காணாமல் போகவில்லை. இந்த எண்கள் கற்பனையும் அல்ல. நிஜத் தண்ணீரிலும் எடைக்கணக்கில் ஏறத்தாழ 88.8 சதவீதம் ஆக்சிஜன், 11.2 சதவீதம் ஹைட்ரஜன். பள்ளி வேதியியல் பாடத்தை அப்படியே கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இதை முதலில் கவனித்தபோது எனக்கு இந்த விளையாட்டின் மீது மரியாதை கூடியது.

மின்சாரக் கணக்கு மட்டும் நிஜத்தோடு ஒட்டாது. நிஜ உலகில் விநாடிக்கு ஒரு கிலோ தண்ணீரைப் பிரிக்க ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வாட்டுக்கு மேல் வேண்டும். இங்கே 120 வாட் போதும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். எலக்ட்ரோலைசர் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடிவது இந்தச் சலுகையால்தான். நிஜத்தில் அது நடக்காது.

ஒரு டூப்ளிகன்ட் விநாடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் மூச்சிழுப்பார். ஒரு சைக்கிள் 600 விநாடி, அதாவது ஒருவருக்கு 60 கிலோ. முழு வேகத்தில் ஓடும் ஒரு எலக்ட்ரோலைசர் சைக்கிளுக்கு 532.8 கிலோ தருகிறது. எட்டுப் பேருக்கு 480 கிலோ போக மிச்சமும் இருக்கிறது. என் காலனியில் பற்றாக்குறை வந்திருக்கக் கூடாது. வந்தது என்றால் "முழு வேகத்தில்" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்க வேண்டும். பலகையில் இருப்பது அதிகபட்ச வேகம். அந்த வேகத்தை எது தடுக்கிறது என்று பலகை முழுதாகச் சொல்வதில்லை. அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். எல்லா டூப்ளிகன்ட்டும் 100 கிராமோடு நிற்பதில்லை. வாயால் மூச்சுவிடும் குணம் உள்ளவருக்குக் கூடுதலாக இன்னொரு 100 கிராம் வேண்டும். முத்துக்குளிப்பவர் போல மூச்சடக்கத் தெரிந்தவருக்கு 25 கிராம் குறைவு. உங்கள் ஆட்களின் பட்டியலைப் பார்த்துக் கூட்டுங்கள்.

இரண்டாம் படி: சோதனை அறை

சோதனையை ஓடிக்கொண்டிருக்கும் காலனியில் செய்யாதீர்கள். அங்கே பத்து விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறும், எது எதனால் நடந்தது என்று பிரிக்க முடியாது. புதிய ஆட்டம் ஒன்றை, எதையும் நினைத்தபடி இடவும் அழிக்கவும் விடும் சாண்ட்பாக்ஸ் முறையில் தொடங்குங்கள். அந்த முறையை இயக்கிய சேவில் (சேமித்த ஆட்டத்தில்) சாதனைப் பதக்கங்கள் கிடைக்காது. அதனால் அருமையாக வளர்த்த காலனியின் சேவில் அதைத் தொடவே வேண்டாம்.

நான் கட்டிய அறை இது:

1. உள்ளளவு 6 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம். மொத்தம் 48 கட்டம். நான்கு பக்கமும் டைல் சுவர், கதவு கிடையாது.
2. சாண்ட்பாக்ஸின் அழிக்கும் கருவியால் உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் துடைத்து வெற்றிடமாக்குங்கள். கட்டடம் உண்டாக்கியது எது, முன்பே இருந்தது எது என்ற குழப்பம் அப்போதுதான் வராது.
3. அறையின் அடிப்பகுதியில் எலக்ட்ரோலைசர். வெளியே ஒரு சிறிய தொட்டி, அதில் ஒரு தண்ணீர்ப் பம்ப், சுவர் வழியாக உள்ளே போகும் ஒரு குழாய்.
4. மின்சாரத்துக்குக் கையால் சுழற்றும் ஜெனரேட்டர் ஒன்று வெளியே. அது 400 வாட் தரும். பம்ப் 240, எலக்ட்ரோலைசர் 120, மொத்தம் 360. ஒரு ஆள் போதும்.

அறையை ஏன் 48 கட்டமாக வைத்தேன் என்பது அடுத்த படியில் தெரியும். உங்களுக்குப் பிடித்த அளவில் கட்டலாம், ஆனால் கட்டங்களை எண்ணி எழுதிவைக்க வேண்டும். எண்ணாத அறையில் செய்த சோதனையிலிருந்து எதையும் கற்க முடியாது.

மூன்றாம் படி: முதலில் கணித்துச் சொல்லுங்கள், அப்புறம் ஓடவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கும் முன் என்ன நடக்கும் என்று எண்ணோடு எழுதுங்கள். கணிப்பு எழுதாமல் ஓடவிட்டால் எது நடந்தாலும் "ஓ, இப்படித்தானா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். எழுதியிருந்தால் தவறிய இடம் கண்ணில் குத்தும்.

முதல் ஓட்டத்துக்குத் தொட்டியில் 50 கிலோ தண்ணீர் மட்டும் வையுங்கள். சாண்ட்பாக்ஸ் தூரிகையில் எடையைக் கொடுத்தே தண்ணீரை இடலாம். கணிப்பு: 50 விநாடி ஓடும். 44.4 கிலோ ஆக்சிஜன், 5.6 கிலோ ஹைட்ரஜன் வரும். 48 கட்டத்துக்கும் பரவினால் கட்டத்துக்குச் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நிற்கக் கூடாது.

ஆட்டத்தை மிக மெதுவான வேகத்தில் வையுங்கள். அந்த வேகத்தில் ஒரு சைக்கிள் நம் கடிகாரத்தில் 10 நிமிடம், அதாவது ஆட்டத்தின் விநாடியும் நம் விநாடியும் ஒன்று. கைபேசியிலேயே நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும்போது இரண்டு மூன்று முறை இடைநிறுத்தி ஒவ்வொரு கட்டத்தின் மீதும் சுட்டியைக் கொண்டுபோங்கள். எந்த வாயு, எவ்வளவு எடை, எத்தனை டிகிரி என்று காட்டும். வாயு கட்டடத்தின் எந்தக் கட்டத்திலிருந்து வெளியே வருகிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். எலக்ட்ரோலைசர் இரண்டுக்கு இரண்டு கட்டம், ஆனால் நான்கிலிருந்தும் ஊதுவதில்லை. எங்கிருந்து ஊதுகிறது என்பதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பம்பை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது உதவும்.

இரண்டாவது ஓட்டத்துக்கு அறையை மறுபடி வெற்றிடமாக்கி 100 கிலோ தண்ணீர் வையுங்கள். எலக்ட்ரோலைசரின் அழுத்த வரம்பு கட்டத்துக்கு 1.8 கிலோ வாயு. சுற்றியிருக்கும் கட்டங்கள் அதைத் தாண்டினால் நின்றுவிடும். நம் அறையில் 48 கட்டம், ஒவ்வொன்றிலும் 1.8 கிலோ என்றால் 86.4 கிலோ. ஆக, கணிப்பு: ஏறத்தாழ 86 விநாடியில் நிற்கும், 13 கிலோவுக்கு மேல் தண்ணீர் மிஞ்சும்.

உங்கள் கடிகாரம் 86-க்குச் சற்று முன்போ பின்போ காட்டினால் கவலை வேண்டாம். அந்த வித்தியாசமே ஒரு பாடம். கட்டடம் அறை முழுவதன் சராசரியைப் பார்ப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள சில கட்டங்களை மட்டும் பார்க்கிறது. வாயு பரவ நேரம் எடுக்கிறது. அறையின் மறுமூலையில் இடம் இருந்தாலும் பக்கத்தில் நெரிசல் இருந்தால் அதற்குத் தெரிவது நெரிசல்தான்.

என் காலனியில் நடந்தது இதுதான். ஏணிப்பக்கம் அழுத்தம் ஏறியது, கட்டடம் நின்றது. கதவுக்கு அப்பால், கீழ்த்தளத்தில் காற்று குறைந்ததை அது அறியவே இல்லை.

நான்காம் படி: ஒரு கட்டத்தில் ஒரே வாயு

இந்த விளையாட்டின் வாயுக்கள் எல்லாம் இந்த ஒரு விதியின் மீதுதான் நிற்கின்றன. நிஜத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்துவிடும். இங்கே கலக்காது. ஒரு கட்டத்தில் ஒன்றுதான் இருக்கும். ஹைட்ரஜன் எல்லாவற்றுக்கும் மேலே ஏறும், கார்பன் டை ஆக்சைடு அடியில் தங்கும், ஆக்சிஜன் இடையில் நிற்கும்.

முதல் ஓட்டம் முடிந்த அறையை அப்படியே ஒரு சைக்கிள் விட்டுவிட்டுப் பாருங்கள். எடையில் ஹைட்ரஜன் 11.2 சதவீதம். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் 48 கட்டத்தில் ஐந்து கட்டம் சொச்சம் அதற்கு. அறையின் மேல்வரிசை 6 கட்டம். ஆக, கூரையோடு ஒரு வரிசைகூட நிறையாது என்று எழுதிக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

ஒரு வரிசையே நிறையாத ஹைட்ரஜனை உறிஞ்சப் பம்பைக் கூரையில் வைத்தால் என்ன ஆகும்? பம்ப் தன் கட்டங்களை மட்டும் அல்ல, சுற்றுப்புறத்தையும் சேர்த்து இழுக்கும். ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் குழாயில் போகும். அது ஹைட்ரஜன் ஜெனரேட்டருக்குள் நுழைந்தால் ஜெனரேட்டர் சேதமாகும். சோதனை அறையிலேயே இதை ஒருமுறை நடக்கவிட்டுப் பாருங்கள். சேதக் குறி மினுக்குவதைக் கண்ணால் பார்த்தபின் நீங்கள் ஹைட்ரஜன் அடுக்கைத் தடிமனாக விடாமல் பம்பை இயக்க மாட்டீர்கள்.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி கேஸ் ஃபில்டர். எளிது, ஆனால் 120 வாட் தின்னும். ஒரு பக்கக் குழாய் அடைத்துக்கொண்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். இரண்டாவது வழி அறையையே ஃபில்டராக மாற்றுவது. எலக்ட்ரோலைசருக்கு மேலே நாலைந்து வரிசை உயரம் விடுங்கள். ஹைட்ரஜன் பம்ப் கூரையை ஒட்டி, ஆக்சிஜன் பம்புகள் கீழே. கூரைப் பம்பின் பக்கத்தில் வாயுவின் இனத்தைப் பார்க்கும் சென்சார் ஒன்றும் அழுத்தம் பார்க்கும் அட்மோ சென்சார் ஒன்றும் வைத்து, இரண்டும் சரி என்றால் மட்டும் பம்ப் ஓடும்படி ஆண்ட் கேட் வழியாக இணையுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மின்சாரம் மிச்சமாவதோடு, எங்கே என்ன நடக்கிறது என்பது அறையைப் பார்த்தாலே தெரிகிறது.

நடுத்தளம் போட வேண்டியிருந்தால் ஏர்ஃப்ளோ டைலைப் பயன்படுத்துங்கள். வாயு போய்வரும், தண்ணீர் சொட்டினால் கீழே இறங்காது.

ஐந்தாம் படி: பம்புக் கணக்கு

வாயுப் பம்ப் விநாடிக்கு 500 கிராம் இழுக்கும், 240 வாட் எடுக்கும். 888 கிராம் ஆக்சிஜனுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். 112 கிராம் ஹைட்ரஜனுக்கு ஒரு பம்பின் கால் பங்குகூட வேண்டாம். ஒரே ஹைட்ரஜன் பம்ப் நான்கு எலக்ட்ரோலைசருக்குத் தாங்கும், 448 கிராம்தான் ஆகிறது. பெரிய அமைப்புகளில் எலக்ட்ரோலைசர்களைக் கூட்டமாக ஒரே அறையில் வைப்பதற்கு இது ஒரு காரணம். வாயுக்குழாய் விநாடிக்கு 1,000 கிராம் கொள்ளும் என்பதால் ஒரு எலக்ட்ரோலைசரின் ஆக்சிஜனுக்கு ஒரு குழாய் சரியாக இருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பம்ப் முழுதாக 500 கிராம் இழுத்தாலும் 240 வாட், மெல்லிய காற்றில் 50 கிராம் இழுத்தாலும் அதே 240 வாட். வெற்றிடத்தை நெருங்கிய அறையில் ஓடும் பம்ப், சும்மா சுற்றும் கிணற்று மோட்டார் மாதிரி மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு பம்புக்கும் பக்கத்தில் அட்மோ சென்சார் வைத்து, 500 கிராமுக்கு மேல் அழுத்தம் இருந்தால் மட்டும் ஓடும்படி செய்யுங்கள். சோதனை அறையில் சென்சார் இல்லாமல் ஒரு சைக்கிள், சென்சாரோடு ஒரு சைக்கிள் ஓடவிட்டு மின்சார அறிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை, மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

ஆறாம் படி: மின்சாரம், சராசரியும் உச்சமும்

ஹைட்ரஜன் ஜெனரேட்டர் விநாடிக்கு 100 கிராம் எரித்து 800 வாட் தரும். நம் 112 கிராமை முழுதும் எரித்தால் 896 வாட்டுக்குச் சமம்.

செலவைக் கூட்டுவோம். எலக்ட்ரோலைசர் 120. மொத்தம் 1,000 கிராம் வாயுவை வெளியே எடுக்க, பம்புகள் நிறைந்தே ஓடினால், சராசரி 480. தண்ணீர்ப் பம்ப் விநாடிக்கு 10 கிலோ இழுக்கக்கூடியது, நமக்கு 1 கிலோ போதும், எனவே 240-ல் பத்தில் ஒன்று, 24. மொத்தம் 624 வாட். 896-ல் 624 போக 272 வாட் மிச்சம். தன் சொந்த மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் அறை என்று எல்லாரும் சொல்வது இந்த மிச்சத்தைத்தான்.

தாளில் இது அழகாக இருக்கும். கட்டியதும் கம்பி எரியும். காரணம், 624 என்பது சராசரி. ஒரு கணத்தில் எல்லாமே சேர்ந்து ஓடினால் என்ன ஆகும்? ஆக்சிஜன் பம்ப் இரண்டு 480, ஹைட்ரஜன் பம்ப் 240, எலக்ட்ரோலைசர் 120, தண்ணீர்ப் பம்ப் 240. கூட்டினால் 1,080 வாட். சாதாரணக் கம்பி 1,000 வாட்தான் தாங்கும். அந்த 80 வாட் அதிகச் சுமை வந்த கணங்களில் கம்பி அடிபடும். பழுது பார்க்க ஆள் வந்து சேர்வதற்குள் அறை நின்றுவிடும். தண்ணீர்ப் பம்பை வேறு சுற்றில் மாற்றுங்கள், உச்சம் 840-க்கு இறங்கும். ஜெனரேட்டர் தருவது 800 என்பதால் மீதி 40-க்கு ஒரு ஸ்மார்ட் பேட்டரி. அந்தப் பேட்டரியிலிருந்து தானியங்கிக் கம்பியை ஜெனரேட்டருக்கு இழுத்துவிட்டால் பேட்டரி நிறைந்ததும் ஜெனரேட்டர் நிற்கும், ஹைட்ரஜன் வீணாகாது.

வீணாகாத ஹைட்ரஜன் எங்கே போகும் என்பதை யோசிக்காமல் விட்டு நான் ஒரு முழு காலனியை மறுபடி தொடங்க வேண்டி வந்தது. 624 வாட்டுக்கு விநாடிக்கு 78 கிராம் எரித்தால் போதும். வருவது 112. மிச்சம் 34 கிராம், சைக்கிளுக்கு 20.4 கிலோ. அது போக இடம் இல்லாவிட்டால் குழாய் நிறையும், பம்ப் நிற்கும், கூரையில் ஹைட்ரஜன் சேர்ந்து கீழே இறங்கும், கடைசியில் எலக்ட்ரோலைசரைச் சுற்றி 1.8 கிலோ ஆகும். ஆக்சிஜன் வேண்டும், இருந்தும் கட்டடம் ஓடாது, காரணம் ஹைட்ரஜன். அந்த மிச்சத்தைக் குடியிருப்பின் மின்சுற்றில் இருக்கும் இரண்டாவது ஜெனரேட்டருக்கு அனுப்புங்கள். சைக்கிளுக்கு 163 கிலோஜூல் சும்மா கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. குடியிருப்பில் காற்று நிறைந்துவிட்டால் வாயு வெளியேறும் துளைகள் 2 கிலோவில் மூடிக்கொள்ளும். குழாய் அடைத்துக்கொள்ளும், எலக்ட்ரோலைசர் நிற்கும், ஹைட்ரஜன் வரவும் நிற்கும். பேட்டரியோ சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பிறகு காற்று தேவைப்படும்போது பம்பை எழுப்பவே மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டருக்கு முன்னால் ஒரு வாயுத் தொட்டியில் ஹைட்ரஜன் இருப்பு வைத்துக்கொண்டால் இது வராது. அதோடு கையால் சுழற்றும் ஜெனரேட்டர் ஒன்றையும் அதே சுற்றில் விட்டுவையுங்கள். முதல் தொடக்கத்துக்கு எப்படியும் அது வேண்டும்.

ஏழாம் படி: வெப்பம்

70 டிகிரியை நான் முதலில் பொருட்படுத்தவே இல்லை. பயிர்கள் வாடிய பிறகுதான் அதன் பொருள் புரிந்தது. மீல்வுட் 10 முதல் 30 டிகிரி வரை வளரும். பிரிசில் பிளாசம் 5 முதல் 30 வரை. 70 டிகிரிக் காற்றை நேராகக் குடியிருப்பில் ஊதினால் இரண்டும் போய்விடும்.

எவ்வளவு குளிர்ச்சி தேவை என்பதையும் கணக்கிடலாம். ஆக்சிஜனின் வெப்ப ஏற்பு ஒரு கிராமுக்கு ஒரு டிகிரிக்கு 1.005. 888 கிராமை 70-லிருந்து 25-க்கு இறக்க 888, 1.005, 45 மூன்றையும் பெருக்குங்கள். விநாடிக்குச் சுமார் 40 ஆயிரம் டிடியு (விளையாட்டின் வெப்ப அலகு). ஹைட்ரஜனுக்குள் நிற்கும் ஒரு வீஸ்வொர்ட் செடி விநாடிக்கு 12 ஆயிரம் டிடியு குளிர்விக்கும். நான்கு செடி வைத்தால் ஒரு எலக்ட்ரோலைசருக்குப் போதும். செடி ஒன்றுக்குச் சைக்கிளுக்கு 4 கிலோ பாஸ்போரைட் போட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டடங்களுக்கும் வெப்பம் ஆபத்து. தாமிரத் தாதுவில் கட்டிய பம்ப் 75 டிகிரியில் சூடேறிச் சேதமாகும். அறைக்குள் வாயு 70. ஐந்து டிகிரிதான் இடைவெளி. எலக்ட்ரோலைசர் அறைக்குள் எதைக் கட்டினாலும் கோல்ட் அமால்கத்தில் கட்டுங்கள், வரம்பு 50 டிகிரி கூடி 125 ஆகும். ஜெனரேட்டரை அறைக்கு வெளியே வையுங்கள், அதுவும் சூடு கக்கும். அறைச் சுவர் வெப்பம் தாங்கும் இன்சுலேட்டட் டைலாக இருக்கட்டும்.

வெப்பத்தில் நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. 70 டிகிரி என்பது கீழ்வரம்பு மட்டும். 95 டிகிரி வெந்நீரைக் கொடுத்தால் வாயு 95 டிகிரியில் வரும். ஆனால் அதே 95 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே அதிலிருந்து வரும் வாயுக்கள் சுமக்கும், ஏனென்றால் தண்ணீரின் வெப்ப ஏற்பு 4.179. மீதி வெப்பம் விளையாட்டிலிருந்தே மறைந்துவிடும். நீராவி ஊற்றுகளிலிருந்து கிடைக்கும் வெந்நீரை ஆற வைக்காமல் நேரே எலக்ட்ரோலைசருக்கு விடுவது நல்லது என்று சொல்வது இதனால்தான். சோதனை அறையில் ஒருமுறை 20 டிகிரித் தண்ணீர், ஒருமுறை 95 டிகிரித் தண்ணீர் கொடுத்து எஃப்3 வெப்பக் காட்சியில் பாருங்கள். முதலாவதில் வாயு தண்ணீரைவிடச் சூடாக 70 டிகிரியில் வருவதும் இரண்டாவதில் தண்ணீரின் அதே 95 டிகிரியில் வருவதும் தெரியும்.

அழுக்கு நீரையோ உப்பு நீரையோ எலக்ட்ரோலைசர் ஏற்காது, சேதமாகும். முதலில் சுத்திகரித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு மூச்சுக்கு மட்டும் சைக்கிளுக்குச் சுமார் 540 கிலோ நல்ல தண்ணீர் ஆகும். உங்கள் குளம் எத்தனை சைக்கிள் தாங்கும் என்று வகுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எட்டாம் படி: நிஜக் காலனியில் இறக்குவது

சாண்ட்பாக்ஸில் 10 சைக்கிள் யாரும் தொடாமல் ஓடிய அறையைத்தான் காலனிக்குக் கொண்டுபோங்கள். அளவைக் கட்டம் கட்டமாக நகலெடுக்க வேண்டியதில்லை. மேலே உயரம், கீழே ஆக்சிஜன் பம்ப், ஹைட்ரஜனுக்கு இரண்டு வழி, கம்பி உச்சம் 1,000-க்குக் கீழ், இவை இருந்தால் வடிவம் எப்படியும் இருக்கலாம். நான் அன்றைக்குச் சுவரை நகர்த்தியபோது கூரைப் பகுதி இரண்டு கட்டம் குறைந்து ஹைட்ரஜன் அடுக்கு மெலிந்திருந்தது. சோதனை செய்த பிறகு பழைய சேவைத் திறந்து பார்த்து ஒரே நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்தேன்.

இயக்கும் முன் அறையில் இருக்கும் பழைய காற்றை வெளியேற்றுங்கள். அடியில் கார்பன் டை ஆக்சைடு தங்கியிருந்தால் ஆக்சிஜன் பம்ப் முதலில் அதைத்தான் குடியிருப்புக்கு அனுப்பும். கையால் சுழற்றும் ஜெனரேட்டரில் ஒருவரை நிறுத்தித் தொடங்குங்கள். ஹைட்ரஜன் கூரையில் இரண்டு வரிசையாவது சேரும்வரை ஹைட்ரஜன் பம்பைக் கையால் அணைத்து வையுங்கள்.

முதல் சில சைக்கிள்களில் எஃப்1 (ஆக்சிஜன்), எஃப்2 (மின்சாரம்), எஃப்7 (வாயுக்குழாய்) மூன்று காட்சிகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். குழாயில் ஓடும் ஒவ்வொரு பொதியும் முழுதாக இருக்கிறதா, ஹைட்ரஜன் குழாயில் ஆக்சிஜன் ஒன்றாவது தெரிகிறதா, சுற்றில் உச்சச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். எலக்ட்ரோலைசர் நின்றால் உடனே எதையும் இடிக்காதீர்கள். அதைச் சுற்றியுள்ள கட்டங்களில் சுட்டியை வைத்து, எந்த வாயு 1.8 கிலோவைத் தாண்டியது என்று பாருங்கள். ஆக்சிஜன் என்றால் வெளியே தேவை குறைந்திருக்கிறது அல்லது ஆக்சிஜன் குழாய் அடைத்திருக்கிறது. ஹைட்ரஜன் என்றால் மேலே போகும் வழி அடைத்திருக்கிறது. வேறு வாயு என்றால் சுவரில் எங்கோ ஓட்டை.

இதே அறையில் அடுத்து ஆக்சிஜன் டிஃப்யூசரை வைத்துப் பாருங்கள். விநாடிக்கு 550 கிராம் பாசி உள்ளே, 500 கிராம் ஆக்சிஜன் வெளியே, 120 வாட், அழுத்த வரம்பு இதற்கும் 1.8 கிலோ. கூட்டிப் பார்த்தால் 50 கிராம் உதைக்கும். அது எங்கே போகிறது என்று கணித்து எழுதிவிட்டு இயக்குங்கள்.